அவளே கண்டுபிடிக்கட்டும்னு விட்டுட்டனுங்க

ஏனுங்க, இப்படி வந்து உக்காருங்க. அந்த சீட்டுல வெயில் அடிக்கும், அவினாசி போறதுக்குள்ள மூஞ்சி காஞ்சு போயிரும். பையை மடியில வெச்சுக்கோங்க, பரவாயில்லை. வாத்தியாருங்களா நீங்க? பாத்தா அப்படித் தெரியுது. இல்லீங்களா? சரி, இருக்கட்டும். பசங்க இருக்கறாங்களா? எங்க படிக்க... சரி விடுங்க, எங்க படிச்சா என்னங்க. நான் ஒண்ணு சொல்றேன். பசங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாதுங்க. என்ற பொண்ணு மிதுனாவை நான் எதுக்கும் கட்டாயப்படுத்தினதே இல்லை. கோபியில எங்க பேட்டரி கடையில வந்து யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. குழந்தைவேல்னா தெரியாத ஆள் இல்லை. இன்வெர்ட்டர் மாட்டப் போற வீட்டுல எல்லாம் இதையேதான் சொல்லுவேன்.

அவ பி.காம் கடைசி வருசம் படிக்கறப்போ, கல்யாண மண்டபத்துல பெத்தவங்களுக்குன்னு ஒரு கூட்டம் போட்டாங்க. சென்னையிலிருந்து ஒருத்தர் வந்திருந்தார். காதோட மைக் மாட்டிக்கிட்டு மேடையில இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடந்துட்டே பேசினார். என்ன சொன்னாருன்னா, பிள்ளைங்களுக்கு நீங்க வழி காட்டாதீங்க, வழி விடுங்க, அவங்களே அவங்களைக் கண்டுபிடிக்கட்டும். நாலு எடத்துல இன்டர்ன்ஷிப் போகட்டும், எது ஒட்டுதோ அதுல நிக்கட்டும்னார். எனக்கு அப்படியே நெஞ்சுல பதிஞ்சு போச்சுங்க. நான் நினைச்சிட்டிருந்ததையே அந்த மனுசன் சொல்றார்!

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழட்டலை. மிதுனாவைக் கூப்பிட்டு உக்கார வெச்சேன். "கண்ணு, இனி அப்பா உன் விசயத்துல தலையிட மாட்டேன். உன்னை நீயேதான் கண்டுபிடிக்கோணும். பரிட்சை முடிஞ்ச திங்கக்கிழமை ஈரோட்டுல ஆடிட்டர் ஆபீசுக்குப் போயிரு, பேசிட்டேன்"னேன்.

அவ, "அப்பா, நான் என்ன நினைக்கறன்னா..."ன்னா.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம் கண்ணு. அப்பாவுக்குத் தெரியும்"னேன்.

அவ்வளவுதானுங்க. எழுந்து போயிட்டா. எங்களுக்குள்ள அப்படி ஒரு புரிதல். நெம்பப் பேசிக்கவே வேண்டியதில்லை. சின்ன வயசுலிருந்தே அவ பேச்சு கம்மிங்க. ஏன்னு தெரியலை. நான் நல்லாப் பேசுவேன், அவ அம்மா சுலோசனாவும் கல்யாணமான புதுசுல நல்லாத்தான் பேசிட்டிருந்தா. பொண்ணு யாரைக் கொண்டிருக்குதோ!

ஆடிட்டர் ஆபீசுல என்னமோ அவளுக்கு ஒட்டலை. ஆடிட்டர் நம்ம சினேகிதர்தான். "கணக்கெல்லாம் சுத்தமாப் போடறாப்பா. ஆனா எதையோ யோசிச்சிட்டே இருக்கறா"ன்னார். நான் கோவப்படலையே! அந்தக் கூட்டத்துல என்ன சொன்னாங்க? ஒட்டலைன்னா அடுத்த எடம். மறு வாரமே திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில சேத்து விட்டேன். ஆளுங்களைப் பாத்துக்கற பிரிவு. ஏசி ரூமு. அங்க மேனேஜர் நம்ம கஸ்டமர், அவர் வீட்டு பேட்டரி நான் போட்டது.

அங்கதானுங்க எல்லாம் ஆரம்பிச்சுது.

ஒரு நாள் மேனேஜர் போன் பண்ணார். "ஏனுங்க குழந்தைவேல், உங்க பொண்ணு மத்தியானம் எங்களோட சாப்பிட வர்றதில்லை, செக்கிங் செக்சன்ல போய் உக்காந்துக்கறா"ன்னார். துணியில ஓட்டை இருக்குதா, தையல் விட்டிருக்குதான்னு பாக்கற எடமுங்க அது. அங்க காது கேக்காத புள்ளைங்க கொஞ்சப் பேர் வேலை செய்யறாங்க. இவ டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுப் போய் அவங்க நடுவுல உக்காந்துக்குவாளாம். அவங்க கையை ஆட்டி ஆட்டிப் பேசறதைப் பாத்துட்டே இருப்பாளாம். கொஞ்ச நாள்ல இவளும் கையை ஆட்ட ஆரம்பிச்சுட்டா.

ராத்திரி வந்ததும் கேட்டேன். "ஏன் கண்ணு, ஊமைப் புள்ளைங்களோட என்ன பேச்சு?"

"ஊமைன்னு சொல்லாதீங்கப்பா. அவங்க பேசறாங்க"ன்னா. கொஞ்சம் வெடுக்குன்னுதான் சொன்னா. அதோட உள்ள போயிட்டா.

அப்பறம் ஒரு சங்கதி நடந்துச்சு. சூப்பர்வைசர் மைக்குல சொல்லியிருக்கான், இன்னைக்கு வந்த லாட்டுல நீல நிறத்தை மட்டும் தனியா வையுங்கன்னு. மைக்குல சொன்னா காது கேக்காத புள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாத்தையும் சேத்துக் கட்டிட்டாங்க. சாயங்காலம் அந்தாளு வந்து கண்டபடி திட்டி, அதுல ஒருத்தியை நாளையிலிருந்து வேலைக்கு வராதேன்னுட்டான். திட்டறதுன்னு தெரியுது, எதுக்குன்னு தெரியலை அந்தப் புள்ளைக்கு. நிக்கிறா, முழிக்கிறா. நம்ம மிதுனா என்ன பண்ணியிருக்கறா? நேரா மேனேஜர் ரூமுக்கு அவளைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய், அந்தப் புள்ளை கையில சொல்லச் சொல்ல, இவ வாயில சொல்லியிருக்கறா. தெரிஞ்ச அரைகுறை சைகையை வெச்சுட்டுத்தான். மேனேஜர் அசந்து போயிட்டாருங்க. வேலை போகலை. மறுநாள் செக்கிங் செக்சன்ல ஒரு போர்டு வெச்சுட்டாங்களாம், இனி எதுவா இருந்தாலும் அதுல எழுதோணும்னு.

எனக்குப் பெருமைதான். இல்லைங்கலை. ஆனா அன்னைக்கு வீட்டுக்கு வந்து அவ சொன்னதுதான் தூக்கி வாரிப் போட்டுது.

"அப்பா, எனக்கு என்ன பண்றதுன்னு தெரிஞ்சிருச்சு. கோயமுத்தூர்ல சைகை மொழிக்கு டிப்ளமா இருக்குது. மொழிபெயர்ப்பாளர் ஆகலாம். கோர்ட்டு, ஆஸ்பத்திரி, காலேஜ், எல்லா எடத்துலயும் ஆள் பத்தலையாம். நான் விசாரிச்சு அப்ளிகேசன் போட்டு, சீட்டும் கிடைச்சிருச்சு."

பாத்தீங்களா? விசாரிச்சுட்டாளாம், போட்டுட்டாளாம், கிடைச்சிருச்சாம். நான் எங்கயோ உக்காந்திருக்கேன்! நானும் பொறுமையா எடுத்துச் சொன்னேன். கண்ணு, தன்னைத்தானே கண்டுபிடிக்கறதுன்னா இதில்லை, பேங்குல, கம்பெனியில, நாலு பேர் மதிக்கற எடத்துல போய்க் கண்டுபிடிக்கறதுன்னேன். ரொம்ப நேரம் சொன்னேன். அவ கேட்டுட்டே இருந்தா. நான் முடிச்சதும், "அடுத்த மாசம் முதல் வாரம் ஹாஸ்டல்ல சேரோணும்ப்பா"ன்னா.

சுலோசனா அடுப்படியிலிருந்து, "போகட்டும்"னா. ஒரே வார்த்தைங்க. அதுக்கு மேல நான் என்ன பேச முடியும்? பேசினேன், ஆனா பிரயோசனப்படலை.

சரின்னு விட்டுட்டேன். அதான் சொன்னனே, நான் கட்டாயப்படுத்தற ஆளில்லை. ஆனா ஒறம்பரை, சொந்தக்காரங்ககிட்ட என்னன்னு சொல்றது? பொண்ணு என்ன படிக்குதுன்னு கேட்டா, "கோயமுத்தூர்ல லாங்குவேஜ் கோர்ஸ்"னேன். பொய் இல்லைங்களே? "ஜெர்மனா, ஜப்பானா?"ம்பாங்க. நான் சிரிச்சு வெச்சேன். அவங்களே ஜப்பான்னு முடிவு பண்ணிட்டாங்க. நான் எதுக்கு மறுக்கோணும்?

அதுல ஒரு கூத்து பாருங்க. பெருந்துறையிலிருந்து ஒரு வரன் வந்துச்சு. மாப்பிள்ளை சென்னையில ஜப்பான் கம்பெனியில இருக்கறவர். ஜப்பான் பாஷை தெரிஞ்ச பொண்ணுன்னு கேள்விப்பட்டு, ஆசையா வந்துட்டாங்க. மாப்பிள்ளையோட மாமன் இருக்கறாரே, அந்தாளு காபியை வாயில வெச்சுட்டே, "எங்க அம்முணி, ஜப்பான்ல நாலு வார்த்தை பேசு, கேப்போம்"ங்கறார். எனக்கு வேர்த்துப் போச்சு. மிதுனா என்னையப் பாத்தா. அப்பறம் அவங்களைப் பாத்து, கையாலயே கொஞ்ச நேரம் என்னமோ சொன்னா. விரலைச் சேக்கறா, விரிக்கிறா, நெஞ்சுல வைக்கிறா, என்னையக் காட்டறா. எல்லாரும் வாயைப் பொளந்துட்டுப் பாக்கறாங்க. "என்னங்க அது?"ன்னு மாப்பிள்ளையோட அம்மா கேக்குது. நான் சமாளிச்சுட்டேன். "ஜப்பான்ல வணக்கம் அப்படித்தானுங்க சொல்லுவாங்க"ன்னேன்.

மாப்பிள்ளை சிரிச்சுட்டான். அவன் ஜப்பான்லயே ரெண்டு வருசம் இருந்தவனாம். எனக்கெப்படித் தெரியும்? அதுக்கப்பறம் மிதுனாவே, தான் படிக்கறது என்னன்னு அவங்களுக்கு விவரமாச் சொல்லிட்டா. அந்த வரன் அதோட நின்னு போச்சு. சுலோசனா மட்டும் உள்ள போய், முந்தானையை வாயில வெச்சுக்கிட்டுத் தோள் குலுங்க நின்னுட்டிருந்தா. அழுகறான்னு நினைச்சு நான் ஆறுதல் சொல்லிட்டு வந்தேன்.

ஆனா ஒண்ணுங்க, படிப்புல அவளைக் குறை சொல்ல முடியாது. லீவுக்கு வந்தாலும் கண்ணாடி முன்னாடி நின்னு மணிக்கணக்குல பழகுவா. சைகைன்னா வெறும் கை இல்லையாம், புருவம், தோளு, மூஞ்சி எல்லாம் சேந்தாத்தான் வாக்கியமாம். படிக்கறப்பவே ஒரு ஆஸ்பத்திரியில பயிற்சிக்குப் போட்டாங்க. காது கேக்காத ஒரு பொம்பளைக்குப் பிரசவம். உள்ள டாக்டர் சொல்றதை எல்லாம் இவதான் பக்கத்துல நின்னு சொல்லியிருக்கறா. குழந்தை அழுகுதுன்னு இவதான் கையில சொன்னாளாம். அன்னைக்கு அவ போன் பண்ணி அவ அம்மாகிட்ட அழுதுட்டே சொல்லிட்டிருந்தா. நான் போனை வாங்கி, "அழுகாதே கண்ணு, அந்த ஆஸ்பத்திரியிலேயே ஆபீஸ் வேலை ஏதாவது இருக்குதான்னு கேட்டு வை"ன்னேன். நல்ல சமயம் பாருங்க, விடக் கூடாதில்ல?

சுலோசனாவும் அவகிட்டக் கத்துக்கிட்டா, இப்ப அவ வீட்டுக்கு வந்தா அம்மாளும் பொண்ணும் கையிலேயே பேசிக்கறாங்க. நான் அந்தப் பக்கம் உக்காந்து அவங்களோட பேசிட்டிருக்கறப்ப, இவங்க ரெண்டு பேரும் சத்தமில்லாம என்னமோ பேசிச் சிரிச்சுக்குவாங்க. எனக்கு இடைஞ்சல் பண்ணக் கூடாதுன்னு அவ்வளவு அக்கறை.

சரி, இன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். அதுக்குத்தான் இவ்வளவும் சொன்னது.

படிப்பு முடிஞ்சு அவ கோயமுத்தூர்லேயே ஒரு அமைப்புல வேலைக்குச் சேந்துட்டா. நான் சும்மா இருக்கலை. தெரிஞ்ச காலேஜ் ஒண்ணுல ஆபீஸ்ல எடம் பேசி முடிச்சுட்டேன். திங்கக்கிழமை சேரோணும். நேர்ல போய்ச் சொல்லிக் கையோட கூட்டிட்டு வந்துரலாம்னு காலையில பஸ் ஏறினேன். போன் பண்ணா, "கோர்ட்டுல இருக்கேன்ப்பா, அங்க வாங்க"ங்கறா. நம்ம குடும்பத்துல கோர்ட்டுப் படி ஏறினவங்க கிடையாது.

ஓடினேன். உள்ள கடைசி பெஞ்சுல எடம் கிடைச்சுது. பாத்தா, நம்ம மிதுனா முன்னாடி நிக்கறா. எதுத்தாப்புல காது கேக்காத ஒரு பொண்ணு, இவளை விட ஒரு வயசு ரெண்டு வயசு சின்னதா இருக்கும். அம்பிகான்னு பேரு. அந்தப் பக்கம் அந்தப் பொண்ணோட அப்பன், வெள்ளை வேட்டி, துண்டைக் கக்கத்துல வெச்சுட்டு நிக்கறார். பொண்ணைக் காணோம்னு அவர்தான் போலீசுல எழுதிக் குடுத்திருக்கறார். தேடிக் கண்டுபுடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்காங்க. ஜட்ஜம்மா நல்ல மாதிரி. "உன்னை யாராவது கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போனாங்களாம்மா?"ன்னு கேட்டாங்க. மிதுனா அதைக் கையில சொன்னா. அந்தப் பொண்ணு கையைத் தூக்கிச்சு. படபடன்னு, காத்துல அடிச்ச மாதிரி.

உடனே மிதுனா பேசறா. "என்னை யாரும் கூட்டிட்டுப் போகலை. நானாத்தான் போனேன். எனக்கு இருபது வயசு முடிஞ்சிருச்சு. தையல் வேலை கத்துக்கிட்டு இப்ப ஒரு எடத்துல சேந்திருக்கேன்."

எனக்குத் திக்குன்னுது. இவ எப்பத் தையல் கத்துக்கிட்டா?

"எனக்குக் கல்யாணம் முடிவு பண்ணது எனக்கே தெரியாது. புதுச் சேலை எடுத்துக் குடுத்தப்பத்தான் தெரிஞ்சுது. எங்கப்பா எனக்கு எல்லாம் செஞ்சார். ஆனா எனக்கு என்ன வேணும்னு ஒரு நாளும் கேட்டதில்லை. நான் சொல்ல வந்தா, தெரியும் தெரியும்னு தலையாட்டிட்டுப் போயிருவார்."

அவ்வளவு சத்தமா, அவ்வளவு தெளிவா அவ பேசி நான் கேட்டதே இல்லைங்க. எனக்கு ஒரு மாதிரி... சட்டை மேல் பட்டனைக் கழட்டி விட்டுக்கிட்டேன். உள்ள காத்தோட்டம் இல்லை, அதான். பக்கத்துல இருந்த வக்கீல் பையன் என் மூஞ்சியைப் பாத்துட்டு, "அண்ணா, அது அந்தப் பொண்ணு சொல்றது. மொழிபெயர்க்கறவங்க 'நான்'னுதான் சொல்லுவாங்க"ன்னான். அப்பத்தான் மூச்சே வந்துச்சு. அடடே, அவங்கப்பனைச் சொல்றாங்களா! எந்திரிச்சு நின்னு, "நல்லாச் சொன்னே கண்ணு!"ன்னுட்டேன். கோர்ட்டுச் சேவகன் டவாலி வந்து உக்காருங்கன்னு அதட்டினான். மிதுனா திரும்பிப் பாக்கலை. காது மட்டும் சிவந்து போச்சு.

ஜட்ஜம்மா, அந்தப் பொண்ணு மேஜர், இஷ்டப்பட்ட எடத்துக்குப் போலாம்னுட்டாங்க.

வெளிய வந்து அந்த அப்பனைப் புடிச்சேன். டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். விட மனசு வரலைங்க. நல்லாக் கேட்டேன். "ஏனுங்க, பெத்த புள்ளை என்ன சொல்லுதுன்னு காது குடுத்துக் கேக்க வேண்டாமுங்களா? உங்க விருப்பத்தை அது தலையில கட்டினா அது எப்படிங்க? என்னையப் பாருங்க, என்ற பொண்ணுக்கு முழுச் சுதந்திரம் குடுத்திருக்கேன்"னேன்.

அவர் தலையைக் குனிஞ்சுட்டே கேட்டுட்டிருந்தார். டீ ஆறிப் போச்சு. அப்பறம் சொன்னார். "எப்படிக் கேக்கறதுன்னு தெரியலீங்க. அவ பாஷை எனக்குத் தெரியாது. கத்துக்கோணும்னு தோணவே இல்லை. உங்க பொண்ணு பாஷை உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"எனக்கெதுக்குங்க? என்ற பொண்ணுக்குத்தான் வாய் இருக்குதே"ன்னேன்.

அவர் என்னைய ஒரு பார்வை பாத்தார். டீக்கு அவரே காசு குடுத்தார். மரியாதையான மனுசன்.

அதுக்குள்ள மிதுனாவும் அந்தப் பொண்ணும் வெளிய வந்தாங்க. அந்த அப்பன் எந்திரிச்சு நின்னார். மிதுனாகிட்ட, "அம்முணி, அவளை ஒண்ணு கேக்கோணும். சாப்பிட்டயான்னு கேளும்மா"ன்னார்.

மிதுனா, "நீங்களே கேளுங்க. இப்படி"ன்னு கையைக் காட்டினா. அவ்வளவு பெரிய மனுசன், டீக்கடை வாசல்ல, கக்கத்துத் துண்டைத் தோள்ல போட்டுட்டு அதைச் செஞ்சார். தப்பாத்தான் செஞ்சிருப்பார் போல. அந்தப் பொண்ணு கிட்ட வந்து அவர் விரலைப் புடிச்சுச் சரி பண்ணி விட்டுச்சு. அப்பறம் ரெண்டு பேரும் அழுதாங்க. ஆனா பொண்ணு அவர்கூடப் போகலை. தையல் வேலைக்கே போயிருச்சு. அவரும் வான்னு கூப்பிடலை.

நல்ல சமயம்னு நான் மிதுனாவைத் தனியாக் கூப்பிட்டேன். காலேஜ் ஆபீஸ் வேலையைச் சொன்னேன். ஏசி, பஸ் வசதி, நாலு மணிக்கெல்லாம் வீடு. எல்லாம் சொல்லி முடிச்சேன். அவ முழுக்கக் கேட்டா. அப்பறம், "எனக்கு வேண்டாம்ப்பா. இதுதான் என் வேலை. திங்கக்கிழமை இன்னொரு கேஸ் இருக்குது"ன்னா. கோர்ட்டுல பேசின அதே குரல். பதில் வராம நான் நின்னது அதுதான் முதல் தடவைன்னு நினைக்கறேன். அவ என் தோளைத் தட்டிட்டு ஆட்டோ ஏறிப் போயிட்டா.

பஸ்ஸுல ஏறினப்பறம்தான் தோணுச்சு, அவ சாப்பிட்டாளான்னு நானும் கேக்கலையேன்னு. போன் பண்ணேன். எடுக்கலை. மெசேஜ்தான் வந்துச்சு. இருங்க, படிக்கறேன். "மீட்டிங்ல இருக்கேன். சாப்பிட்டேன் அப்பா. சனிக்கிழமை எங்க அமைப்புல பெற்றோர்களுக்கு வகுப்பு. அம்பிகாவோட அப்பா வர்றார். நீங்களும் வாங்க. ஒரு மணி நேரம் யாரும் வாயால பேச மாட்டோம். உக்காந்து பாத்தாப் போதும்."

பாத்தீங்களா? பெத்தவங்க கூட்டத்துக்கு என்னையத்தான் கூப்பிடறா. அந்தாளுக்கு நான் டீக்கடையில சொன்ன புத்திமதி அவ காதுக்குப் போயிருக்கும். பாத்தாப் போதும்ங்கறதெல்லாம் ஒரு இதுக்குச் சொல்றதுங்க. அவங்க யாரும் பேச மாட்டாங்கன்னா, அப்பப் பேசறதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல? எப்படியும் முன்னாடி கூப்பிட்டு நாலு வார்த்தை பேசச் சொல்லுவாங்க. ஒரு மணி நேரம் பத்துமான்னுதான் யோசிச்சுட்டு வர்றேன். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்ங்கறீங்க?

இருங்க, இருங்க. நான் இன்னும் முடிக்கலீங்க.